கோணல் வண்டி

அன்புள்ள ஐயா,

ஓசூரில் அடுக்ககத்தில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகனைப் பழைய பொருட்களில் பொம்மை செய்து வரும்படி பள்ளியில் சொன்னார்கள். காகிதக் குவளைகளும் வண்ணத்தாள்களும் வாங்கிவந்து நானே இரவில் விழித்திருந்து ஒரு தேர் செய்துகொடுத்தேன். பரிசு கிடைத்தது, ஆனால் அவன் அதைத் தொட்டுக்கூட விளையாடவில்லை. இக்கலையைக் கற்றுத்தரும் நல்ல புத்தகம் எது? பிளேடைக் கையில் கொடுக்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

பரிசு பெற்றமைக்கு வாழ்த்துகள். நீங்கள் செய்த பொம்மையை உங்கள் மகன் எதற்காகத் தொட வேண்டும்? சென்ற மாதம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு அழைத்திருந்தார்கள். மேசைகள் முழுவதும் பெற்றோரின் கைவேலை, பின்னால் பிள்ளைகள் காவலர்களைப் போல நின்றிருந்தார்கள். அன்று முதல் மனத்தில் இருந்த எரிச்சலை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

புத்தகத்துக்குக் குறைவில்லை. அரவிந்த் குப்தாவின் நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர் சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவியல் கற்பித்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். நான்கு குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்த சதுரம் அழுத்தினால் சாய்ந்துவிடும், மூன்று குச்சிகளின் முக்கோணம் அசையாது. ஆனால் அழுத்திப் பார்க்க வேண்டியது பிள்ளையின் விரல், உங்களுடையது அல்ல.

காரிமங்கலம் பக்கத்தில் என் பெரியப்பாவின் மானாவாரிக் கொல்லையில், அறுத்த சோளத்தட்டையின் தோலை உரித்து, உள்ளிருக்கும் நெட்டியைத் துண்டுகளாக்கி, உரித்த தோலையே ஊசியாகச் செருகி மாட்டுவண்டி செய்வோம். கோடை வந்தால் நுங்கு வண்டி. தின்று தீர்ந்த இரண்டு காய்களை ஒரு குச்சியில் கோத்துக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடும்போது, என் வண்டி எப்போதும் இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வேலியில் போய் முட்டும். பெரியப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் எழுந்து வந்து சரிசெய்ததில்லை. கவையை மாற்றினேன், குச்சியை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன். இடப்பக்கக் காய் சிறியது என்பதும், ஒரே குச்சியில் இறுகிச் சேர்ந்து சுழலும் சக்கரங்களில் சிறியது இருக்கும் பக்கமே வண்டி திரும்பும் என்பதும், இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கின. பெரியப்பா அன்றே சொல்லியிருந்தால் வண்டி நேராக ஓடியிருக்கும். நான் எதையும் கழற்றியிருக்க மாட்டேன். பொம்மை செய்வதென்பது பெரும்பாலும் இப்படிக் கழற்றுவதும் மறுபடி கோப்பதும்தான். அந்தப் பகுதி முழுவதையும் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொண்டு, முடிந்த தேரை மட்டும் அவன் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

பிளேடு வேண்டாம், கத்தரிக்கோல் போதும். துருப்பிடித்த தகரத்தை மட்டும் விலக்குங்கள். விரலில் சிறு கீறல் விழுந்தால் கழுவிக் கட்டுப்போட உங்களுக்குத் தெரியும்.

சித்திரையில் நுங்கு வரும். சுளையாக வாங்காமல், தலை சீவிய காயாக வாங்கிக் கட்டைவிரலால் தோண்டித் தின்னச் சொல்லுங்கள். வண்டிக்கு இரண்டு காய்களை அவனே பொறுக்கட்டும். சமமாக இருக்கின்றனவா என்று நீங்கள் பார்க்க வேண்டாம்.