எஃப் 22 வைத்தும் பூச்சி மங்கலா?

கேள்வி: 50 எம்.எம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 36 எம்.எம். எக்ஸ்டென்ஷன் டியூப் (உள்ளே கண்ணாடி இல்லாத வெற்று வளையம்) மாட்டி, தோட்டத்து வேலியில் பூச்சிகளைப் படமெடுக்கிறேன். டிரைபாட் இருக்கிறது. எல்லாம் ஷார்ப்பாக வரட்டும் என்று லென்ஸின் துளையை எஃப் 22க்குச் சுருக்கி வைக்கிறேன். ஆனாலும் மசமசவென்றுதான் வருகிறது. கிட்டத்தில் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகி, காங்கயம்

பதில்: வேண்டாமுங்க, காசு பத்திரமாக இருக்கட்டும். முதலில் அந்த எஃப் 22-ஐ விடுங்கள். டியூப் மாட்டியதும் லென்ஸ் சென்சாரை விட்டுத் தள்ளிப் போகிறதல்லவா, உங்கள் கணக்குக்கு அது எஃப் 38 போல வேலை செய்யும். அவ்வளவு சின்னத் துளையில் நுழையும் வெளிச்சம் விளிம்பில் வளைந்து பரவி, ஃபோகஸ் ஆன இடத்தையும் சேர்த்து மழுக்கிவிடும். எண் குறைந்தால் துளை பெரிதாகும்; எஃப் 8க்கு வாருங்கள், மிஞ்சினால் 11.

எஃப் 8ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். கும்பிடுபூச்சியை நேர் எதிரில் எடுத்தால் கண் தெளியும், உடம்பு கரையும். பக்கவாட்டில் போய், அதன் உடம்பும் கேமராவின் முதுகும் ஒரே போக்கில் இருக்கும்படி பிடியுங்கள். தலையிலிருந்து இறக்கை நுனிவரை கிடைக்கும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸின் ஃபோகஸ் ரிங்கையும் திருக வேண்டாம். நீங்களே மெல்ல முன்னும் பின்னும் நகர்ந்து, கண் தெளியும்போது நாலைந்து படம் தட்டுங்கள்.

டிரைபாட் கேமராவைத்தான் பிடித்துக்கொள்ளும், வேலியின் கிளுவைக் கிளையைப் பிடிக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று காற்றாலையையே சுற்றுகிறது, உங்கள் எறும்பை விட்டுவிடுமா! வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு ஃபிளாஷ் வாங்குங்கள். ஷட்டர் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஃபிளாஷ் 1/16 பவர். அந்த வெளிச்சம் நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அணைந்துவிடுவதால் ஆட்டம் தெரியாது. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பின் முதுகு கண்ணாடியாட்டம் மின்னும். ஃபிளாஷ் வெளிச்சம் எட்டாமல் பின்னணி கறுத்துப் போவதுதான் எனக்குப் பிடிக்காது. பூச்சிக்குப் பின்னால் ஓர் இலை வரும் கோணமாகப் பாருங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அசையாதாமே?
- வாசகர், கோபி

பதில்: அசையாது. சில சமயம் அப்புறமும் அசையாது. அந்த வேலையே வேண்டாம். பெரும்பாலான பூச்சிகளுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். மார்கழி, தையில் விடிந்ததும் உங்கள் ஊர் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டுக்குப் போங்கள். பனியில் நனைந்த தட்டான், வெயில் ஏறும்வரை புல்லைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். காற்றும் அவ்வளவாக இருக்காது. அன்றைக்கு ஃபிளாஷை வீட்டில் வைத்துவிட்டு டிரைபாடை எடுத்துப் போகலாம்.