ஐம்பது சொற்களும் மூன்று நாளும்

வணக்கம் ஐயா,

நினைவுப் பயிற்சிகளை நீங்கள் நெடுநாள் செய்துபார்த்ததாகப் போகிறபோக்கில் ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு வயது 43. பிள்ளைகள் வளர்ந்த பிறகு செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். உடற்கூறியலும் மருந்தியலும் மலைப்பாக இருக்கவே, இரண்டு நாள் நினைவாற்றல் பயிலரங்கு ஒன்றுக்குப் போனேன். இரண்டாம் நாள் மாலை 50 சொற்களை முன்னிருந்தும் பின்னிருந்தும் தடங்கலில்லாமல் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கே நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அதே முறையில், மருந்துப் பெயர்களை வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் வைப்பதாகக் கற்பனை செய்து படித்தேன். மூன்று நாள் இருக்கின்றன, அப்புறம் காணோம். புதிதாக வைத்ததும் பழையதும் கலந்துவிடுகின்றன. குறை என்னிடமா, முறையிலா? ஒரே நேரத்தில் நூறு விஷயங்களை மனத்தில் நிறுத்திய சதாவதானிகள் நம் மொழியில் இருந்தார்களே, அவர்களால் எப்படி முடிந்தது? வேக வாசிப்பு, இசையோடு துரிதக் கற்றல் எல்லாம் சேர்ந்த 'இரண்டாம் நிலை' வகுப்புக்கு இப்போது அழைக்கிறார்கள். பணம் கட்டலாமா?

சுமதி

அன்புள்ள சுமதி,

குறை உங்களிடம் இல்லை. முறையிலும் பெரிய குறை ஒன்றும் இல்லை. எப்போது சோதித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று மாலையே சோதித்தார்கள். படித்த சூட்டோடு சோதித்தால் எந்த முறையும் பிரமாதமாகத்தான் தெரியும். உங்கள் பயிற்றுநருக்கு மட்டும் அந்த ஐம்பது சொற்களும் ஒருநாளும் மறக்காது. ஏனென்றால் வாரா வாரம் வேறு வேறு கூட்டத்தின் முன்னால் அதே பட்டியலைப் பார்க்காமல் ஒப்பிக்கிறவர் அவர். அவர் நினைவு நிற்பதற்கு உண்மையான காரணம் அதுதான். அதை மட்டும் மேடையில் சொல்வதில்லை.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் நான்கு முறையும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்கள் 83 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முதல் பிரிவு 40, இரண்டாம் பிரிவு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். படிக்கும்போது சுலபமாக இருப்பதை, மனத்தில் பதிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது நீங்கள் கற்ற இட முறைக்கு வருகிறேன். குறிப்புத்தாள் இல்லாமல் மேடையில் பேச நான் இன்றும் நம்புவது இதைத்தான். பேசவேண்டியவற்றை வீட்டு வாசலில் தொடங்கி கொல்லைப்புறம் வரை ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோணங்கித்தனமான காட்சியாக வைத்துவிடுவேன். பேசும்போது மனத்துக்குள் வீட்டை ஒரு சுற்று வந்தால் போதும். அடுத்த வாரம் அதில் பாதி இருக்காது. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இந்த முறையின் பிறப்பே அப்படித்தான். கி.மு. 55-ல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதைப் பற்றி எழுதும்போது, கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸிடமிருந்து வந்ததாகக் கதை சொல்கிறார். அவர் அதை எழுதியது பேச்சாளர்களுக்காக. அன்றைய பேச்சை அன்று சொல்லி முடிக்கும்வரை நின்றால் போதும் என்பவர்களுக்கான கருவி இது. நீங்களோ வேலைக்காலம் முழுவதும் வேண்டியதை அதில் ஏற்றியிருக்கிறீர்கள்.

முறை பொய்யில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2017-ல் வந்த ஓர் ஆய்வில், முன்பயிற்சி இல்லாத சாதாரண மனிதர்கள் தினம் அரை மணி நேரமாக ஆறு வாரம் இதைப் பழகினார்கள். 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முதலில் சராசரியாக 26 சொற்களைச் சொன்னவர்கள், முடிவில் 62 சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் திறன் போய்விடவில்லை. ஆனால் கவனியுங்கள், நின்றது பட்டியல் அல்ல, பட்டியலை ஏற்றும் கைப்பழக்கம்.

அந்தப் பழக்கமும் எல்லாவற்றுக்கும் உதவாது. எரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1980-ல் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி எழுதினார்கள். சாதாரணமாக ஏழு இலக்கங்களை நினைவில் வைக்கக்கூடியவர், 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து 79 இலக்கங்களுக்குப் போனார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். காதில் விழும் எண்களையெல்லாம் ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். சரி, எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார்! நினைவாற்றல் என்று பொதுவாக ஒன்று வளரவேயில்லை. ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததுதான் கைகொடுத்தது.

அவதானிகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் என் பதில் இதுதான். செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சதாவதானம் செய்தார். அதற்குள் யாப்பு அவர் நாவில் ஊறிக் கிடந்தது. ஒருவர் ஈற்றடி கொடுத்ததுமே எதுகையும் மோனையும் தளையும் சேர்ந்து பொருந்தாத சொற்களையெல்லாம் தாமாகவே தள்ளிவிடும். நமக்கு நூறு தனித்தனிச் சுமைகளாகத் தெரிவது, ஊறியவருக்குத் தெரிந்த தடத்தில் நடப்பது. கர்நாடக இசையில் ராகப் பெயரின் எழுத்துகளை எண்களாக மாற்றி அதன் மேள வரிசை எண்ணைச் சொல்லும் கடபயாதி முறையும் இப்படித்தான். மேசகல்யாணியின் முதலிரண்டு எழுத்தில் ம என்றால் 5, ச என்றால் 6, திருப்பிப் போட்டால் 65-வது மேளம். ராகம் தெரிந்தவருக்கு இது அருமையான சாவி. தெரியாதவருக்கு அதுவும் இன்னொரு மனப்பாடம்தான்.

ஆகவே மருந்துப் பெயர்களை ஏன் வீட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சுமந்து வைக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. நான் மருத்துவன் அல்ல, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன். எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்று வால் ஒன்றாக இருப்பவை ஒரே குடும்பம். லோசார்டன், டெல்மிசார்டன் இன்னொரு குடும்பம். அட்டினலால், மெட்டோப்ரோலால் மூன்றாவது. பிரில் வகை, இரத்த அழுத்தத்தைக் கூட்டும் வழியில் உள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது. அந்த நொதிக்கு பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. நொதி முடங்கினால் பிராடிகைனின் தேங்குகிறது, சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. சார்டன் வகை அந்த நொதியில் கைவைப்பதில்லை. அதே வழியை வேறோர் இடத்தில் அடைக்கிறது. அதனால்தான் இருமல் தாங்காதவர்களுக்கு மருத்துவர் பிரிலை நிறுத்திவிட்டு சார்டன் எழுதுகிறார். இவ்வளவையும் ஒருமுறை புரிந்துகொண்டால், பத்துப் பன்னிரண்டு பெயர்களை இரண்டு வால்கள் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

புரிந்தால் மட்டும் போதாது, அதுவும் மறக்கும். ஒரு சீட்டின் முன்பக்கம் 'பிரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல். ஏன்? மாற்று என்ன?' என்று எழுதுங்கள். இன்னொன்றில் 'லால் கொடுக்குமுன் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும்?' என்று. பதில்: நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா. சீட்டைத் திருப்புமுன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். தொண்டை வரை வந்து நிற்கிறதே என்று உடனே திருப்பிப் பார்த்துவிடாதீர்கள். அந்தத் திணறலில்தான் வேலை நடக்கிறது. சீட்டுப் பெட்டியை அறைகளாகத் தடுத்து, சரியாகச் சொன்ன சீட்டை இன்னும் நாள் தள்ளிப் பார்க்கும் அடுத்த அறைக்கும் தவறவிட்டதை முதல் அறைக்கும் மாற்றும் ஏற்பாட்டை 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரப்பினார். இன்று அன்கி போன்ற செயலிகள் அதையே கணக்குப் போட்டுச் செய்கின்றன. எதை எடுத்தாலும் சரி, அடுத்தவர் தயாரித்த சீட்டுகளை இறக்கிக்கொள்ளாதீர்கள். கேள்வியை எழுதுவதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

இடைவெளி எவ்வளவு என்பதற்கும் ஆய்வு உண்டு. 1,350 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒன்றிரண்டு நாள் விட்டு மறுபடி பார்ப்பது நல்லது. ஒரு வருடம் கழித்து வேண்டும் என்றால் இடைவெளி மூன்று முதல் ஐந்து வாரம் வரை போகலாம். உங்களுக்கு மூன்றாம் நாள் மறந்துபோனது தோல்வி இல்லை. அதுதான் மறுபடி கேட்டுப் பார்க்கவேண்டிய நாள். நன்னூல் பாடம் பயிலும் முறையைச் சொல்லும்போது 'கேட்டவை நினைத்தல்', 'வினாதல் வினாயவை விடுத்தல்' என்கிறது. பவணந்தி முனிவருக்குப் பயிலரங்கு நடத்தும் தொல்லை இல்லாததால் சில வரிகளில் முடித்துவிட்டார்.

அதற்காக இட முறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தர்க்கம் எதுவும் இல்லாத வரிசைக்கு அதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. 12 மண்டை நரம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாசற்படியில் மூக்கைத் துளைக்கும் கருகல் நாற்றம், அது மோப்ப நரம்பு. அடுத்து கூடத்துச் சுவரில் கதவளவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, பார்வை நரம்பு. அடுத்து நாற்காலியில் விழிகளை நாலா பக்கமும் உருட்டியபடி ஒரு பொம்மை, விழியை அசைக்கும் மூன்றாம் நரம்பு. மீதியை நீங்களே வையுங்கள். என் பொம்மை உங்களுக்கு ஒட்டாது.

பழையதும் புதியதும் கலந்துபோவதற்குக் காரணம், ஒரே வீட்டை எல்லாப் பாடத்துக்கும் வாடகைக்கு விட்டிருப்பது. நரம்புகளுக்கு ஒரு வீடு, வேறொரு வரிசைக்குப் படித்த பள்ளிக்கூடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் விட்டு விட்டுச் சுற்றி வந்தால், பொம்மை இல்லாமலே மூன்றாம் நரம்பு வாயில் வந்துவிடும். அப்போது அந்த வீடு காலி, புதிதாக ஏதாவது வைக்கலாம்.

வேக வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் புரிதல் குறைகிறது என்பதைக் கண்ணசைவு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். மேலோட்டமாகப் புரட்டத் தெரிவது நல்லதுதான், அதற்கு வகுப்பு தேவையில்லை. மருந்தளவை ஒருவர் வேகமாக வாசிப்பதை நினைத்தால் நோயாளி என்ற முறையில் எனக்கு வயிறு கலங்குகிறது. இசையோடு கற்பது பல்கேரியாவின் லோசனாவ் என்பவர் மொழிப்பாடத்துக்காகத் தொடங்கிய முறை. பின்னால் வந்தவர்கள் அதை ஊதிப் பெருக்கிவிட்டார்கள். பிடித்த பாட்டைக் கேட்டுக்கொண்டு சீட்டு எழுதுங்கள், தடையில்லை. சொல்லிப் பார்க்கும்போது நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் நிலைக்குப் பணம் கட்ட வேண்டாம். வகுப்பில் உங்களைப் போலவே திணறும் தோழி ஒருவராவது இருப்பார். வாரம் ஒருநாள் அவர் சீட்டை நீங்களும் உங்கள் சீட்டை அவரும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். பதில் தெரியாதபோது புத்தகத்தைத் திறக்குமுன் இருவரும் ஒரு நிமிடமாவது யோசிக்கவேண்டும், அது ஒன்றுதான் விதி.