ஸ்கேனில் நிறம் இல்லாத இடம் பத்திரமான இடமா?

கேள்வி: என் தங்கைக்கு 34 வயது, வலக்கைப் பழக்கம். மூளையின் இடது முன்பகுதியில் கட்டி. ஆபரேஷனுக்கு முன் பேச்சுப் பகுதியைக் குறிக்க புதுச்சேரியில் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்யும் இடங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்தோம். ‘பேச்சு இடப்பக்கம், கட்டியை ஒட்டிச் செயல்பாடு தென்படவில்லை, தலை அசைவு ஓரளவு உண்டு’ என்று ரிப்போர்ட். நம்பலாமா, திரும்ப எடுக்கச் சொல்லலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்களுக்கு நிம்மதி தந்தது நடு வரியாகத்தான் இருக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதுவே.

இந்த ஸ்கேன் நரம்பணுக்களை நேராகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். உள்ளே படுத்தபடி சொற்களை யோசிக்கும் பயிற்சி கொடுத்து, அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறார்கள்; மாற்றம் தெரிந்த இடத்துக்குப் படத்தில் நிறம் கொடுப்பார்கள். கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் அப்படி விரிந்து கொடுக்காமல் போகலாம். பேச்சுப் பகுதி அங்கே உயிரோடு இருக்கும், படத்தில் நிறம் வராது. பழைய ரத்தக்கசிவு, முந்தைய ஆபரேஷனின் கிளிப் இருந்தாலும் அவ்விடத்தில் சிக்னலே விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, சில விநாடி மூச்சைப் பிடித்து விடச் சொல்லி ஒரு தனி ஸ்கேன் எடுப்பார்கள். மூச்சைப் பிடித்தால் மூளை முழுக்க ரத்த ஓட்டம் கூட வேண்டும். கட்டியின் ஓரம் மட்டும் கூடவில்லை என்றால், அங்கே நிறம் இல்லாததற்கு அர்த்தமே இல்லை. இது எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

‘பேச்சு இடப்பக்கம்’ என்ற வரி வேறு விஷயம். கட்டி இடப்பக்கத்துச் சிக்னலைக் குறைத்துக் காட்டத்தான் வாய்ப்பு. அதையும் மீறி இடப்பக்கம் ஓங்கித் தெரிந்தால் ஓரளவு நம்பலாம். வலப்பக்கம் என்று வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து அசைவு. வேலையின்போது சிக்னல் கூடுவது சில சதவீதம் மட்டுமே. படத்தின் ஒரு கட்டம் சுமார் 3 மி.மீ. தலை அவ்வளவு நகர்ந்தாலே கணக்கு குழம்பும். எவ்வளவு அசைந்தது என்பதைவிட, எப்போது அசைந்தது என்பது முக்கியம். மெதுவாகச் சரிந்ததைக் கணினி பெரும்பாலும் திருத்திவிடும். ஒவ்வொரு முறை சொல்லை யோசிக்கும்போதும் தாடை அசைந்திருந்தால், அசைவையும் மூளையின் வேலையையும் பிரிக்க முடியாது. மூளையின் வெளிவிளிம்பைச் சுற்றி வளையம்போல நிறம் ஓடியிருந்தால் அதுதான் அடையாளம்.

பலர் கேட்க மறக்கும் கேள்வி: தங்கை அந்தப் பயிற்சியைச் செய்தாரா? ‘மனதுக்குள் சொல்லுங்கள்’ என்றால் வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சுமார் 30 விநாடி யோசிப்பு, அதே அளவு ஓய்வு, இப்படி மாறி மாறி 4, 5 நிமிடம் போகும்; பாதியில் தூங்கிவிடுவோரும் உண்டு. திரையில் சொல் படிக்கும் பயிற்சி என்றால் பின்மண்டையின் பார்வைப் பகுதி நிச்சயம் நிறம் காட்ட வேண்டும். அதுவே வெறுமையாக இருந்தால் அந்தப் பதிவை ஓரம் கட்டுங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியில்லாமல் உள்ளே போனாரா, பயிற்சி தமிழில் இருந்ததா என்பதும் தெரிய வேண்டும். ‘சில்வர் பீச்சில் காலில் ஒட்டுவது...’ என்று நிறுத்தினால் சொல் தானாக வரும். அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டால் வராது.

நிறத் திட்டின் அளவைப் பேச்சுப் பகுதியின் அளவென்று எடுக்காதீர்கள். எவ்வளவு மாற்றம் இருந்தால் நிறம் கொடுப்பது என்று கணக்கில் வைக்கும் வரம்பை ஏற்றி இறக்கினால் திட்டு சுருங்கும், விரியும். இரண்டு மூன்று வரம்புகளில் பார்த்தும், இரண்டு வெவ்வேறு பயிற்சிகளில் பார்த்தும் அதே இடம் நின்றால் அதற்கு மதிப்பு.

ஆகவே, அசைவு பயிற்சியோடு சேர்ந்து வந்திருந்தாலோ பார்வைப் பகுதி காட்டாவிட்டாலோ திரும்ப எடுப்பது நியாயம். இரண்டும் சரியென்றால் ஸ்கேன் பயன்படும். ஆனாலும் ‘செயல்பாடு இல்லை’ என்பதை வெட்டலாம் என்ற அனுமதியாக அறுவை நிபுணர் எடுக்க மாட்டார். நரம்பிழைப் பாதைகளை இது காட்டாது, அதற்கு டி.டி.ஐ. என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். கடைசி முடிவு, நோயாளியை விழித்திருக்க வைத்து மூளைப் பரப்பை மின்னால் தூண்டிப் பார்ப்பதில்தான். அப்படிச் செய்யும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். அறுவை நிபுணரிடம் போகும்போது ஃபிலிமை மட்டும் கொண்டுபோகாமல், டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் மூலப் படக் கோப்புகள்) உள்ள சி.டி.யையும் வாங்கிச் செல்லுங்கள்.

திரும்ப எடுப்பதானால், வெளியிலேயே கால் மணி நேரம் அதே பயிற்சியைச் செய்து பழகட்டும். ஃபிட்ஸ் வந்த கையோடு எடுக்க வேண்டாம், தேதியைத் தள்ளி வையுங்கள். ஸ்கேனுக்காக ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.