முதல் வேலை: உங்கள் புரோகிராமை யார் படிப்பார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். செங்கல்பட்டு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இந்த வருடம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். படிப்புக்கு வங்கிக் கடன் இருக்கிறது.

கேம்பஸில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனி என்னை எடுத்தது. ஆண்டுக்கு 3.6 லட்சம், இரண்டு வருட பாண்ட், நடுவில் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்து ஒன்பது மாதம் ஆகிறது, சேரும் தேதி வரவில்லை. இதற்கிடையில் பெருங்குடியில் பதினைந்து பேர் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். கையில் மாதம் 24,000. பாண்ட் இல்லை, பிஎஃப்பும் இல்லை. "பேர் தெரிஞ்ச கம்பெனிக்கே காத்திரு" என்கிறார் அப்பா. வேளச்சேரியில் ஒரு கன்சல்டன்சிக்காரர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் காட்டி நல்ல சம்பளத்தில் உட்கார வைப்பதாகச் சொல்கிறார். என் நண்பர்கள் இரண்டு பேர் கட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம், ஏஐ வந்துவிட்டது, இனி புதிதாக வருகிறவர்களுக்கு வேலையே இருக்காது என்கிறார்கள்.

நீங்கள் பன்னிரண்டு வருடம் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என்ன செய்யட்டும்? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், மேடவாக்கம்

*

அன்புள்ள தம்பி,

முதலில் வேளச்சேரிக்காரரை அனுப்பிவிடுவோம், ஏனென்றால் அவரிடம்தான் அவசரம் இருக்கிறது. பணம் கட்டாதீர்கள். பிஎஃப் கணக்குக்கு 2014 முதல் யூஏஎன் என்று ஒரே எண். எந்த நிறுவனம் எந்த மாதம் உங்களுக்காகப் பணம் கட்டியது என்பது அதில் வரிசையாக இருக்கும். பின்னணி சரிபார்க்கும் ஆட்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். இல்லாத கம்பெனியின் சான்றிதழ் அன்றைக்கே பிடிபடலாம், ஆறு மாதம் கழித்தும் பிடிபடலாம். இரண்டாவதுதான் கொடுமை. அதற்குள் சம்பளத்தை நம்பி வீட்டில் ஏதாவது தொடங்கியிருப்பீர்கள்.

பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான். இரண்டு வருட அனுபவம் உள்ளவர் என்று நம்பி உங்களை உட்கார வைத்தால், யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். "இது என்ன?" என்று கேட்கவும் வாய் வராது. புதியவராகக் கேள்வி கேட்கக் கிடைக்கும் அந்த இரண்டு வருடத்தை நீங்களே காசு கொடுத்துத் தொலைக்கிறீர்கள். உங்கள் நண்பர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருக்கிறது. இதை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

இனி உண்மையான கேள்வி. பெரியதா சின்னதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேறு ஒன்றைத் திருப்பிக் கேட்கிறேன்: அங்கே நீங்கள் எழுதும் புரோகிராமை யார் படிப்பார்கள்?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 2008-இல் படிப்பை முடித்தேன். கையில் ஒரு பெரிய கம்பெனியின் ஆஃபர். செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது, எங்கள் செட்டில் பாதிப் பேருக்குச் சேரும் தேதி வரவே இல்லை. உங்கள் ஒன்பது மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் மெயிலைத் திறப்பது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது. 2009 நடுவில் பொறுக்க முடியாமல் அசோக் நகரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த கம்பெனியில் சேர்ந்தேன். நாங்கள் பத்துப் பேர். கரண்ட் போனால் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போவோம்.

எங்களுக்கு மாதவரம் பக்கம் ஒரு பால் முகவர் வாடிக்கையாளர். அவருடைய தினசரி விற்பனைக் கணக்கு எழுதித் தரும் பகுதி என்னுடையது. நான்தான் எழுதினேன், நான்தான் சோதித்தேன், எல்லாம் சரியாக வந்தது. 2010 பொங்கல் முடிந்ததும் அவர் போன் செய்தார். "போகிக்கு ஏம்மா இவ்ளோ பாலு காட்டுது? பாலு பொங்கலுக்குத்தானே போகும்?" என்றார். எனக்குப் புரியவில்லை. கூட்டிப் பார்த்தேன், மாதத்தின் மொத்தம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அவர்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எதிர் மேசையில் ஒரு அக்கா இருந்தார், என்னைவிட ஏழு வருடம் மூத்தவர். நான் எழுதுவதையெல்லாம் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் சுழித்து, பக்கத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதித் தருவார். அவருக்குக் காரணம் அப்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில அவர் கடையில போய் நின்னு பாத்துட்டு வா" என்றார்.

நாலு மணிக்கு என் தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பனி. கிரேட் கிரேட்டாகப் பால் இறங்குகிறது, சைக்கிள்காரர்கள் எண்ணி வாங்குகிறார்கள், கடைப்பையன் ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் போடுகிறான். ஐந்தரைக்குள் பெரும்பகுதி வியாபாரம் முடிந்துவிட்டது. பையன் போட்ட ஒரு பில்லின் நேரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் சர்வர் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருந்தது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை நாலரைக்கு விற்ற பால் சர்வரில் முந்தைய நாள் இரவு பதினொரு மணி. நான் அந்தத் தேதியை வைத்து நாளைப் பிரித்திருந்தேன். ஆக, தினமும் விடிகாலை வியாபாரம் முழுக்க முதல் நாள் கணக்கில் ஏறியிருந்தது. பொங்கல் பால் போகியில் பொங்கியது அப்படித்தான். மாத மொத்தத்தில் முதல் நாளிலும் கடைசி நாளிலும் மட்டும்தான் வித்தியாசம் வரும், அதனால் அங்கேயும் கண்ணில் படவில்லை. நான் சோதித்த பில்லெல்லாம் அலுவலகத்தில் பகல் பதினொரு மணிக்குப் போட்டவை. பதினொரு மணிக்கு அந்தப் பிழை வரவே வராது.

கல்லூரியில் நேர மண்டலம் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் தேதி என்ற சொல்லுக்குப் பால்காரரிடம் என்ன பொருள் என்று அன்றைக்குத்தான் கற்றேன். பிறகு வங்கிக்கு எழுதினேன், மருத்துவமனைக்கு எழுதினேன். எங்கே தேதி வந்தாலும் "யாருடைய நாள் இது, எப்போது தொடங்குகிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன்.

முதல் இரண்டு வருடத்தில் ஒருவருக்குக் கிடைக்க வேண்டியது இதுதான். எழுதியதை ஒருவர் படித்து ஏன் என்று கேட்க வேண்டும், தப்பு நடந்தால் அது உங்கள் மேசைக்கே திரும்பி வர வேண்டும். இவை பெரிய கம்பெனியிலும் கிடைக்கும். என் வகுப்புத் தோழி ஒருத்தி பெரிய நிறுவனத்தில் வங்கிப் பரிவர்த்தனை வேலையில் போய் விழுந்தாள். அவளுடைய லீட் ஒரு வரியைக் கூடப் படிக்காமல் விடமாட்டார். இன்றைக்குப் பணம் எப்படி ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிறது என்று அவளிடம்தான் நான் கேட்டுக்கொள்கிறேன். அதே கம்பெனியில் அதே நாள் சேர்ந்த இன்னொருத்தி, வகுப்பில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி, மூன்று வருடம் எக்செல் தாளில் சோதனை முடிவு "பாஸ்", "ஃபெயில்" என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது இன்டர்வியூவில் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அவள் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய இடத்தில் எந்த புராஜெக்ட் என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஜாவா சொல்லிக்கொடுத்து மெயின்ஃப்ரேம் என்ற பழைய பெரிய கம்ப்யூட்டரில் உட்கார வைப்பார்கள், அல்லது வேலை எதுவும் தராமல் பெஞ்சில்.

சின்ன இடத்தில் நன்மை, சேருவதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்பது. பெருங்குடிக்குப் போன் செய்து, வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போனதும் மூன்று விஷயம் விசாரியுங்கள். நான் எழுதுவதை யார் ரிவ்யூ செய்வார், அவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? கடைசியாக ஒரு கடையில் பில் தப்பாக வந்தபோது என்ன செய்தீர்கள்? உங்களிடம் கடைசியாக ஃப்ரெஷராகச் சேர்ந்தவர் இப்போது என்ன வேலை பார்க்கிறார்? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் உற்சாகமாகக் கதை சொன்னால் சேருங்கள். "எங்க சாஃப்ட்வேர்ல அப்படியெல்லாம் வராது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்துக்கடை பில்லிங் என்றால் பேட்ச் எண், காலாவதி தேதி, ஜிஎஸ்டி, பத்து மாத்திரை அட்டையில் மூன்றை மட்டும் வெட்டிக் கொடுப்பது என்று வரி வரியாகத் தலைவலி இருக்கும். ஒரு கடையில் கூடத் தப்பு வந்ததில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

பிஎஃப் இல்லை என்பதற்காக அவர்களைச் சந்தேகப்பட வேண்டாம். இருபது பேரை எட்டினால்தான் பெரும்பாலும் அது கட்டாயம், பதினைந்து பேருக்கு இல்லை. ஆனால் யூஏஎன்னில் உங்கள் பெயர் ஏறாது என்பதால் வேறு சாட்சி வேண்டும். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், மாதாமாதம் பே ஸ்லிப், சம்பளம் வங்கிக் கணக்கில் வருவது, இந்த மூன்றும் கட்டாயம். கையில் ரொக்கமாகக் கொடுப்போம் என்றால் வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால், பெரிய கம்பெனியோ சின்னதோ, கொடுக்கவே கூடாது.

சம்பளத்தையும் ஒருமுறை சரியாகப் பாருங்கள். 3.6 லட்சம் என்பது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் அதற்குள் இருக்கலாம். உங்கள் பங்கு பிஎஃப்பும் பிடித்தபின் கையில் வருவது 25,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பிஎஃப் உங்கள் சேமிப்பு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 30,000-க்கும் 24,000-க்கும் நடுவே நீங்கள் தவிப்பதாக நினைத்தால், அது அப்படி இல்லை. இன்னும் வராத 25,000, இப்போதே வரும் 24,000.

பாண்ட் பற்றி சீனியர்கள் "அதெல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதிய தொகை முழுவதும் எல்லா நேரமும் வசூலாகிவிடும் என்று சட்டம் சொல்லவில்லை, நியாயமான இழப்பு வரைதான். ஆனாலும் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் இருக்க மனம் இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனியின் ஆஃபரை இப்போது மறுத்து எழுத வேண்டியதில்லை. பெருங்குடிக்காரர்களிடம் மட்டும் அதை மறைக்காதீர்கள். "இப்படி ஒன்று இருக்கிறது, தேதி வரவில்லை" என்று முதல் நாளே சொல்லுங்கள். தேதி வரும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யலாம். அதற்குள் உங்கள் புரோகிராமை ஒருவர் படித்து ஏன் என்று கேட்கத் தொடங்கியிருந்தால், நானாக இருந்தால் அங்கேயே இருப்பேன்.

ஏஐ பற்றி. வேலை குறையாது என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். சும்மா நிரப்புகிற வேலைகள், என் தோழி மூன்று வருடம் செய்தது போன்றவை, போகும். "ஒரு நாளின் விற்பனையைக் கூட்டு" என்று இன்றைக்குக் கேட்டால் நான் அன்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை அது நொடியில் எழுதித் தரும், என்னுடையதைவிட அழகாக. ஆனால் மாதவரத்தில் வியாபாரம் விடிவதற்குள் முடிந்துவிடும் என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். வந்த விடையைப் பார்த்து, போகியில் ஏன் இவ்வளவு பால் என்று கேட்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அதனால், ஏஐ எழுதித் தந்த ஒரு வரியைக் கூட உங்களால் விளக்க முடியாமல் உள்ளே விடாதீர்கள், குறைந்தது முதல் இரண்டு வருடம்.

அப்பாவைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவர் பயப்படுவது கடனுக்கு. வங்கியில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த ஒரு வருடத்திலிருந்துதான் போகிறது. பெருங்குடியில் சேர்ந்தால் இப்போதே வட்டியையாவது கட்ட ஆரம்பிக்கலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள்.

காட்டும்போது இதையும் கேளுங்கள். அவர் முதன்முதலில் லேத்தில் நின்ற பட்டறை எது, எத்தனை பேர் இருந்தார்கள்? அவர் வெட்டிய முதல் மரையை வெர்னியர் வைத்து அளந்து பார்த்தது யார்? சரியில்லாத ஜாப்பை என்ன சொல்லித் திருப்பிக் கொடுத்தார்? அவர் சொல்லி முடித்தபின், பெருங்குடியில் உங்கள் வேலையை யார் அளந்து பார்க்கப்போகிறார் என்று நீங்கள் விசாரித்து வந்ததை அவருக்குச் சொல்லுங்கள்.