மூன்று ரிப்போர்ட்டும் ஒன்றுபோல இருந்தால் ஒரே கிருமியா?

ஐசியூவில் மூன்று பேருக்கு க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா தொற்று, மூவருக்கும் அதே மருந்துகள்தான் வேலை செய்யவில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியதா என்று கேட்டிருந்தீர்கள். எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்று காட்டும் அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மருந்தை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு வேறு வேறு கிருமிகளுக்கும் தாவிவிடும்; அதனால் தனித்தனியாக வந்த கிருமிகளின் ரிப்போர்ட்டும் ஒன்றுபோல இருக்கலாம்.

மூன்றின் முழு மரபணு வரிசையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். 50 லட்சத்துக்கும் மேலான டிஎன்ஏ எழுத்துகளில் நாலைந்துதான் மாறியிருக்கிறது என்றால் பரவல்தான் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ஆயிரக்கணக்கில் என்றால் தனித்தனியாக வந்தவை.

2011-ல் அமெரிக்காவின் என்ஐஎச் (தேசிய சுகாதார நிறுவனம்) மருத்துவமனையில் மருந்துக்கு அடங்காத க்ளெப்சியெல்லா 18 பேருக்குப் பரவியது. முதல் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டாமவரிடம் தெரிந்தது. இருவரையும் இணைத்துக் காட்டியது மரபணு வரிசைதான். சுத்தம் செய்து வைத்த வென்டிலேட்டரிலும் அதே கிருமி! அதனால் வென்டிலேட்டர், வாஷ்பேசின் வடிகால் மாதிரிகளையும் சேர்த்தே அனுப்புங்கள். முடிவு வரும்வரை மூவரையும் தனிமைப்படுத்தியே வையுங்கள்.