புகையிலைச் சட்டத்தை இறுக்கினால் மக்கள் விட்டுவிடுவார்களா? புகையில்லாத மாற்றுக்குப் போவது நல்லதா?

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்கும் தோரணையைப் பார்த்தால் நீங்கள் கொழும்பில் குளிரூட்டிய அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் இளைஞர். உதட்டுக்குள் வைக்கும் நிக்கொட்டின் பையை நண்பர் யாரோ காட்டியிருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது தோண்டியெடுத்து முகத்தில் எறிய வேண்டாம். நான் புகையிலைக் காசில் வளர்ந்த குடும்பத்தவன். அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து போய் மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இல்லாத தென்னிலங்கைப் பட்டினம் அரிது. நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். சிகரெட்டும் விற்கிறேன். அதற்காக எந்தக் கம்பனிக்கும் வக்காலத்து வாங்க வந்தவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் பயனில்லை என்று சொல்லவும் வரவில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் மூடிய பொது இடங்களில் புகைப்பது நின்றது, விளம்பரப் பலகைகள் இறங்கின, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாமற்போனது. என் கடையிலேயே சிகரெட் வியாபாரம் வருடா வருடம் தேய்ந்துதான் வருகிறது. தேயட்டும். ஆனால் சிகரெட்டை விட்டவர்கள் எல்லோரும் புகையிலையை விட்டார்களா என்றால், இல்லை. என் அத்தான் விடவில்லை.

அக்காவின் கணவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்குப் பார்த்தவர். பேரேட்டுக்கு முன்னால் இருந்தபடியே ஊதித் தள்ளிய மனிதரை, சட்டம் வந்ததும் முதலாளி வாசலுக்கு அனுப்பினார். அதையும் பொறுத்துக்கொண்டு வெயிலில் நின்று ஊதிவிட்டு வருவார். 2016 இன் இறுதியில் வரி ஏறி, அதிகம் விற்கும் சிகரெட் ஒன்று 50 ரூபாயானது. (இன்று 100 ஐயும் தாண்டிவிட்டது.) கணக்குப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். குறுக்குத் தெரு முனையில் வெற்றிலைக் கூறு விற்பவரிடம் அதே காசுக்கு ஒன்றுக்கு மேலேயே கிடைத்தது. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, சீவிய பாக்கைத் தூவி, கறுத்த புகையிலையை ஒரு கிள்ளுக் கிள்ளி நடுவில் வைத்து மடித்துக் கொடுப்பார். மேசையை விட்டு எழும்பத் தேவையில்லை. "தம்பி, இதில் புகையே இல்லை, நெஞ்சுக்குள் ஒன்றும் போகாது" என்று எனக்கே பாடம் எடுத்தார் அத்தான்.

அதே 2016 செப்டம்பரில்தான் புகையற்ற புகையிலைப் பொருட்களை வர்த்தமானியில் தடைசெய்திருந்தார்கள் என்பது வேடிக்கை. தடையால் நான் கண்டது, பளபளக்கும் சிறு பொட்டலங்கள் கடை முகப்பிலிருந்து மறைந்து மேசைக்கடியில் போனது. தெரிந்தவர் கேட்டால் வெளியே வந்தது. கூறுக்குள் கிள்ளி வைக்கும் புகையிலை எங்கேயும் போகவில்லை.

சில வருடங்களில் அத்தானுக்குச் சம்பல் எரிய ஆரம்பித்தது. அக்கா மிளகாயைக் குறைத்தாள். பிறகு பிட்டுக்கூட எரிந்தது, கொட்டாவி விடும்போது தாடை பாதியில் நின்றது. பல் வைத்தியர் விளக்கைத் திருப்பிவிட்டு, "மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பற்களுக்கிடையே நுழையுங்கள்" என்றார். இரண்டுதான் போயின, இரண்டாவதும் நெருக்கியடித்துக்கொண்டு. கன்னத்தின் உட்புறம் வெளிறி, இழுத்துக் கட்டிய வார் மாதிரி இறுகியிருந்தது. இதற்கு முக்கிய காரணம் பாக்கு என்று வைத்தியர் சொன்னபோது அத்தான் நம்பவில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய் என்பதும் புதுச் செய்தியல்ல. ஆனால் சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை மூடும் படம் கூறு மடிக்கும் வெற்றிலையில் இல்லையே. உதிரியாக ஒரு சிகரெட் வாங்குபவரே அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. பெட்டி என் கையில்தான் இருக்கிறது.

சதைத் துண்டெடுத்துச் சோதிப்பதற்குச் சம்மதப் படிவம் நீட்டினார்கள். முழுவதும் சிங்களம். அத்தான் சிங்களம் பேசுவார், வாசிக்க மாட்டார். தமிழ்ப் படிவம் கேட்டேன். "முடிந்துவிட்டது" என்றார்கள். அச்சடித்திருந்தால்தானே முடிய! அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தன் வாயை வெட்டுவதற்கான தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம்.

நல்லவேளை, புற்றுநோய் இல்லை. ஆனால் இறுகியது பழையபடி இளகாது. வாய்ப் பயிற்சியும் தவறாத பரிசோதனையும்தான்.

தடைபோட்டுவிட்டுக் கையைக் கழுவினால் என்ன ஆகும் என்பதற்குப் பூட்டானைப் பாருங்கள். 2004 இல் புகையிலை விற்பனையையே தடைசெய்தார்கள். 2010 இல் சட்டத்தை இன்னும் இறுக்கி, அடுத்த வருடம் சொற்ப விலையுள்ள மெல்லும் புகையிலை கொண்டுவந்த இளம் பிக்கு ஒருவருக்கு மூன்று வருடச் சிறை கொடுத்தார்கள். கடத்தல் நிற்கவில்லை. கொரோனாக் காலத்தில் எல்லை தாண்டிக் கடத்துவோர் நோயையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள் என்ற பயத்தில் 2020 இல் அரசே விற்பனையைத் திறந்துவிட்டது. இங்கே கற்பிட்டிப் பக்கம் கடற்படை பீடி இலை மூட்டைகளைப் பிடிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. 2020 க்குள் புகையிலைச் செய்கையே இருக்காது என்று ஒரு காலத்தில் மேடையில் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் கன்றுகள் இன்னும் நிற்கின்றன.

இனி உங்கள் பை. சுவீடனைக் காட்டுவீர்கள் என்று தெரியும். அங்கே ஆண்கள் பலர் சிகரெட்டிலிருந்து ஸ்னஸுக்கு, அதாவது உதட்டுக்குள் வைக்கும் ஈரப் புகையிலைத் தூளுக்கு, மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1992 இல் அதைத் தடைசெய்தும், 1995 இல் சுவீடன் விலக்குப் பெற்றுக்கொண்டே சேர்ந்தது. ஆனால் ஸ்னஸில் பாக்கில்லை, சுண்ணாம்பில்லை. நம் ஊர்க் கூறும் அதுவும் ஒன்றல்ல. நீங்கள் காட்டும் பையில் புகையிலை இலையே இல்லாமல் நிக்கொட்டின் மட்டும் இருக்கலாம். நாளுக்கு ஒரு பெட்டி ஊதுபவர் முழுவதுமாக அதற்கு மாறினால் நுரையீரலுக்கு ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் சிகரெட்டையும் விடாமல், கூட்டம் நடக்கும்போது மட்டும் பையை வைத்துக்கொள்வதென்றால் அது மாற்றமல்ல, கூடுதல் செலவு. இதுவரை எதையும் தொடாதவர் என்றால் எதற்கு ஐயா இந்த வேலை?

விட நினைத்தால் 1948 என்ற ஆலோசனை இலக்கம் இருக்கிறது. அழையுங்கள், தமிழில் பேச ஆள் கேட்டு அடம்பிடியுங்கள். பை தேடி என் கடைக்கு வராதீர்கள், நான் வைப்பதில்லை.