கரண்டியைப் பிடுங்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

கீழக்கரைப் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. அவள் வாப்பா துபாயிலிருந்து ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கிறார். பட்டனை அமுக்கினால் இங்கிலீஷில் பாடும் நாய்க்குட்டி, லைட் எரியும் வாக்கர் எல்லாம் இருக்கிறது. அவளோ இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுப்படிக் கரண்டிக்கும் மாமி வாங்கி வந்த ஓலைக் கிலுகிலுப்பைக்கும் தாவுகிறாள். வீடியோ காலில் அவருக்கு வருத்தம். எனக்கோ மூளை வளர்ச்சி குறைந்துவிடுமோ என்று பயம். எந்த மாதத்துக்கு எந்தப் பொம்மை என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. பெட்டி மேல் போட்டிருக்கும் வயதைப் பாருங்கள், தொண்டையில் சிக்குகிற சின்ன உதிரிகள் உண்டா என்று தெரிந்துகொள்ள அது உதவும். அதைத் தாண்டி அதை வைத்துப் பிள்ளையின் அறிவை அளக்காதீர்கள். மூளை வளர்ச்சி பற்றிய பயத்தையும் இன்றோடு விடுங்கள்.

கரண்டியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வாயில் வைக்கிறாள், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறாள், தரையில் தட்டினால் ஒரு சத்தம், பாயில் தட்டினால் வேறு சத்தம் என்று கண்டுபிடிக்கிறாள், அப்புறம் கீழே போட்டுவிட்டு எங்கே போச்சு என்று எட்டிப் பார்க்கிறாள். பியாஜே என்ற ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் தன் மூன்று பிள்ளைகளையும் பக்கத்திலிருந்து கவனித்துத்தான் இதை எழுதினார். துணி போட்டு மூடிய சாமானைத் துணியை விலக்கி எடுக்கும் புத்தி எட்டு, ஒன்பது மாத வாக்கில் வருகிறது. உங்கள் மகள் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அந்த நேரத்தில் போய்க் கரண்டியைப் பிடுங்கி நாய்க்குட்டியைத் திணிக்கிறீர்களே!

மாமியின் கிலுகிலுப்பையைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு என் பெரியம்மா ஞாபகம். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டை ஒட்டி வீடு. குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கை உருவிப்போட்டு, நகத்தால் மெல்லிசாகக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து வைத்திருப்பார். முடைந்துகொண்டே வந்து உள்ளே நாலைந்து பொடிக்கல் போட்டு மூடுவார். மூடியதும் தன் காதருகே ஒரு ஆட்டு. சத்தம் மந்தமாக இருந்தால் வாயைப் பிரித்து ஒரு கல்லை எடுத்துவிட்டு மறுபடி முடைவார். பிள்ளை கையில் கொடுத்த பிறகும் அவர் எழுந்து போகமாட்டார். அது ஆட்டியதும் "யாரு ஆட்டுனா? நீயா ஆட்டுன?" என்பார், சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்கும், மறுபடி ஆட்டும். நான் ஆட்டினால்தான் சத்தம், என் சத்தத்துக்கு ஒரு ஆள் பதில் சொல்கிறார் என்ற இரண்டையும் அந்தக் குழந்தை அங்கேயே கற்றுக்கொள்ளும்.

பாடுகிற நாய்க்குட்டியிடம் இது நடக்காது. ஒரு தடவை அமுக்கினால் போதும், மிச்சத்தையெல்லாம் அதுவே பாடி முடித்துவிடும், குழந்தைக்கு வேலை இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வருவது, அது பாடும்போது வீட்டில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வதுதான். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் இதே கதை. அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. மின்சாதனப் பொம்மையோடு விளையாடும்போது பெற்றோர் பேசும் வார்த்தைகள், சாதாரணப் பொம்மையோ படப்புத்தகமோ இருக்கும்போது பேசுவதைவிடக் குறைந்துபோயின. புத்தகம் பார்க்கும்போது கொடுக்கும் அளவுக்குக் குழந்தைகளும் குரல் கொடுக்கவில்லை. ஏழு மாதப் பிள்ளைக்கு உங்கள் குரல் வேண்டும், மாமியின் குரல் வேண்டும். "மீன்காரர் வந்துட்டாரு, என்ன மீனுன்னு பாப்போமா?" என்று அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசுங்கள். அதில் கிடைப்பதை நாய்க்குட்டியின் இங்கிலீஷ் பாட்டு தராது. பேட்டரியைக் கழற்றிவிட்டால் அதுவும் நல்ல துணிப் பொம்மைதான், கடிக்கட்டும், இழுக்கட்டும். உள்ளே பட்டன் பேட்டரி இருந்தால் கழற்றியதும் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிக்க ஆரம்பித்துவிடும்.

வாக்கரில் மட்டும் தயவுசெய்து உட்கார வைக்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. பிள்ளையை வாசல்படிக்கும் அடுப்புக்கும்தான் சீக்கிரம் கொண்டுபோகும். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு, பிள்ளை தானாகப் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு தன் காலை ஊன்றித் தள்ளுவது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஓலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவும் வேண்டாம். ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். முடைச்சல் தளர்ந்தாலும் தூக்கிப் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவரிடம் கேட்கச் சொல்லுங்கள். குன்றிமணி என்றால் வீட்டிலேயே இருக்கக் கூடாது, அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ராமேஸ்வரம் போய் வந்தவர்கள் கொடுக்கும் சின்னச் சோழிகளும் இப்போதைக்கு அலமாரியின் மேல்தட்டிலேயே இருக்கட்டும்.

அவள் வாப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைத் தூக்க முடியாத தூரத்தில் இருக்கும் மனுஷர், ஆசையைப் பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறார். இனி கால் பண்ணும்போது பொம்மை எப்படி இருக்கு என்று கேட்பதை விட்டுவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அவள் "ங்ஆ" என்றால் அவரும் "ங்ஆ" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி வாயெடுக்கும்வரை காத்திருக்கட்டும். ஒன்பது மாதம் ஆன பிறகும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலைச் சத்தமும் இல்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா